கைமாறும் ஆயுதமும் கைவிடாத அமானிதமும்

ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும்போது பொருளும் பணமும் மட்டுந்தான் இடம் மாறுகின்றனவா? அன்றி, அப்பொருளைப் பற்றி விற்பவர் அறிந்துள்ள உண்மையும் அதனுடன் மாறிச் செல்ல வேண்டுமா? தானியத்தையும் துணியையும் கால்நடையையும் வைத்து இக்கேள்வியை நம் மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளாக ஆராய்ந்து விடையும் கண்டிருக்கிறார்கள். விலைக்கு வருவது உயிரைப் பறிக்கவல்ல ஆயுதமாக இருந்தால் அவ்விடை எவ்வாறு அமையும் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

துப்பாக்கிக்கும் குடும்பங்கள் படிக்கும் இத்தகைய ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. செஞ்சிக் கோட்டையின் நிழலில் உள்ள வல்லம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். மணிலாக் கொல்லைகளும் நெல்வயல்களும் குன்றுகளும் அடுத்தடுத்துக் கிடக்கும் பூமி அது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போரை இத்தகைய ஊர்களில் முன்னாளில் காண முடிந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் பயிர்க் காவலுக்கான குழல்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியே பெயர் சுட்டிக் கூறுகிறது. உரிமம் பெற்றவர் மறைந்தபின் அவர் வைத்திருந்த ஆயுதத்தை என்ன செய்வது என்பது வாரிசுகளுக்கு வந்து சேரும் கேள்வி. அது ஹலால், ஹராம் பற்றிய கேள்வியாகவும் வந்து சேருகிறது.

ஒரு வீட்டை நாம் கற்பனையாக வைத்துக்கொள்வோம். பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். மனைவி இருக்கிறார், ஆண்மக்கள் இருவர், பெண்மகள் ஒருத்தி. பெரியவரின் உரிமத்தில் ஒரு ரைபிள் பதிவாகியிருக்கிறது. மலைத்தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் அவர் இளமையில் வாங்கியது. விசையைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்று நீண்டு தொங்குகிறது. அவ்வளவே வீட்டாருக்குத் தெரியும். வாங்க ஒருவர் வருகிறார். இங்கிருந்து நம் கேள்விகள் தொடங்குகின்றன.

அடையாளம் காணல்

அந்த வளையந்தான் அத்துப்பாக்கியின் அடையாளம். அது ஒரு நெம்புகோல். விரல்களை அதற்குள் விட்டுக் கீழாகவும் முன்னாகவும் தள்ளினால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். சுத்தியல் பின்சென்று நிற்கும். மீண்டும் மேலே இழுத்தால் குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். இவ்வகையை லீவர் ரைபிள் என்பர்.

பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பார் 1860ஆம் ஆண்டில் உரிமை பெற்ற அமைப்பை அடியாகக் கொண்டு, சட்டை உற்பத்தியில் பொருள் ஈட்டிய ஆலிவர் வின்செஸ்டர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இதை வளர்த்தார். 1866, 1873, 1886, 1892, 1894, 1895 என்று ஆண்டுகளையே பெயராகக் கொண்ட மாதிரிகள் வெளிவந்தன. அவற்றுள் 1886 முதலான மாதிரிகளை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். நியூ ஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது.

இத்துப்பாக்கி முஸ்லிம்களின் வரலாற்றிலும் ஓர் இடம் பெற்றிருக்கிறது. உஸ்மானியப் பேரரசு 1866ஆம் மாதிரியில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் வாங்கியது. 1877இல் பிளெவ்னா நகரை முற்றுகையிட்ட ரஷ்யப் படையை உஸ்மான் பாஷாவின் வீரர்கள் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியபோது, தொலைவில் பீபாடி மார்ட்டினி ரைபிளும், அண்மையில் இந்த வின்செஸ்டரும் அவர்கள் கையில் இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் நகர் வீழ்ந்தது. பின்னர் முதல் உலகப்போரில் அதே ரஷ்யா தன் படைக்கென 1895ஆம் மாதிரியை இலட்சக்கணக்கில் வாங்கியது. ஆயுதத்துக்குக் கட்சி கிடையாது. யார் கை பற்றுகிறதோ அந்தக் கைக்கே அது ஊழியம் செய்யும். பின்னால் வரும் வாதத்துக்கு இவ்வுண்மை வேண்டியிருப்பதால் இங்கேயே குறித்து வைக்கிறோம்.

நம் நாட்டில் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது பெரும்பாலும் நின்றுபோயிற்று. அதற்கு முன் வந்தவையே கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. அருமை விலையை ஏற்றும். விலை ஏறினால் பொய்யும் ஏறும். ஆகவே இதில் அடையாளம் காண்பது என்பது மாதிரியின் பெயரைச் சொல்லிவிடுவதோடு முடிவதில்லை.

அறிந்தவர் முதலில் தோட்டா உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வார். பிறகு செய்தவர் பெயரையும் எண்ணையும் தேடுவார். எண் அழிக்கப்பட்டதாயின் அங்கேயே நிறுத்திவிடுவார். செய்தவர் பெயரோ, எண்ணோ, வேறு அடையாளமோ பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்பதும், பொறித்ததை அழிப்பதும் திருத்துவதும் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி குற்றம். அடுத்து, குழலில் பொறித்துள்ள தோட்டாவின் அளவைப் படிப்பார். 1895ஆம் மாதிரியில் .303 தோட்டாவுக்கெனச் செய்யப்பட்டவையும் உண்டு. படைகள் பயன்படுத்திய அளவு என்பதால் .303 நம் நாட்டில் தடைக்குரிய அளவாக இருந்து வந்துள்ளது. சாதாரண உரிமம் உடையவர் அதனை வாங்க இயலாது.

பிறகு பழுதுகளைத் தேடுவார். குழலை ஒளிக்கு நேரே பிடித்து உள்ளே துருவின் குழிகள் உண்டா என்று நோக்குவார். குழல்வாயின் விளிம்பு தேய்ந்திருந்தால் குறி பிசகும். நெம்புகோலை மூடிய நிலையில் அசைத்துப் பார்ப்பார்; ஆட்டம் மிகுந்தால் உள்ளே பூட்டும் உறுப்பு தேய்ந்திருக்கிறது என்று ஐயுறுவார். சுத்தியலைப் பாதித் தூரம் பின்னிழுத்து நிறுத்தும் பள்ளம் ஒன்று உண்டு. பழைய மாதிரிகளில் காவலாக அமைந்தது அதுவே. அது தேய்ந்தாலோ உடைந்தாலோ துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் தேராத கை உள்ளே புகுந்திருக்கிறது. எழுத்துகள் மங்கி விளிம்புகள் மழுங்கி, ஆனால் நீல மெருகு மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், துருவைத் தேய்த்து மேலே மெருகு பூசியிருக்கிறார்கள் என்பது பொருள்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. பழைய மாதிரிகள் புகை கக்கும் கரும் வெடிமருந்துக்கெனச் செய்யப்பட்டவை. புகையற்ற மருந்துக்குரிய வலிய எஃகுக் குழல் 1890களின் நடுவிலேயே இவ்வகையில் வந்தது. முன்னதில் பின்னாள் வலிய தோட்டாவை இட்டால் குழலும் அறையும் அந்த அழுத்தத்தைத் தாங்கா. மற்றொன்று, குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடப்பதால் முன்னதன் அடியில் பின்னதன் முனை முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முனை மழுங்கிய தோட்டாவே அதற்கு ஏற்றது. கூர்முனைத் தோட்டா குழாய்க்குள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. 1895ஆம் மாதிரி குழாயை விட்டுப் பெட்டி அமைப்பைக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைத்தலும் உரைத்தலும்

மெருகுக்குள் மறைந்த துருவைப் பற்றிப் பேசினோம். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், வஞ்சிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஈரம் வணிகரின் குற்றமன்று. மழை பெய்தது, தானியம் நனைந்தது. நனைந்ததைக் கீழே வைத்ததே குற்றம். துருவும் அவ்வாறே. காலம் எந்த இரும்பையும் தின்னும். அதன்மேல் மெருகு பூசி வாய்மூடி நிற்பதே கிஷ் எனப்படும் வஞ்சனை.

இதற்கு மறுமொழியாக வணிகர் ஒரு சொல்லைக் கையில் வைத்திருக்கிறார். "உள்ளது உள்ளபடி விற்கிறேன்; பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்; பிறகு என்னைக் கேட்காதீர்கள்" என்பதே அது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் வாங்குவோரே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் பழைய ஆங்கில நெறியை, சில விலக்குகளோடு, ஏற்றுக்கொண்டுள்ளது. நம் ஃபிக்ஹு அறிஞர்களும் இதை ஆராய்ந்தார்கள். பழுதுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அவ்வுரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும்படி விற்பவர் நிபந்தனை விதிக்கலாமா? விதிக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, விற்பவரே அறியாத, உயிர்ப்பிராணியின் உள்மறைந்த குறைக்கன்றி ஏனையவற்றுக்கு அந்நிபந்தனை பெரும்பாலும் செல்லாது.

இவ்விரு கருத்துகளில் எது வலியது என்று வழக்காட நாம் முற்படவில்லை. நாம் எழுப்பும் வினா வேறு. பழுது பற்றிய உரிமை வாங்குபவருக்கு உரியது. ஆதலின் அவர் அதை விட்டுக்கொடுக்கலாம் என்பதே "உள்ளபடி" விற்பனையின் அடிப்படை. நனைந்த தானியத்தில் இது பொருந்தும்; இழப்பு வாங்கியவருக்கே. ஆனால் சுத்தியலின் காவற்பள்ளம் தேய்ந்த துப்பாக்கி சுவரிலிருந்து நழுவி விழுந்து வெடிக்கும்போது, குண்டு வாங்கியவரைத் தேடிப் போவதில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரையோ வாசலில் விளையாடும் பிள்ளையையோ தாக்கலாம். அந்தப் பிள்ளை இந்த வியாபாரத்தில் கையெழுத்திட்டதா? தன் உரிமையை விட்டுக்கொடுத்ததா? தமக்கு உரியதையே ஒருவர் விட்டுக்கொடுக்க முடியும்; பிறரின் உயிர்க்காவலை விட்டுக்கொடுக்க வாங்குபவருக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே ஆயுத விற்பனையில் பழுதை உரைப்பது வாங்குபவருக்குச் செலுத்தும் கடனோடு நில்லாமல், அவரைச் சுற்றி வாழும் மனிதர் அனைவருக்கும் செலுத்தும் ஹக்குல் இபாத் ஆகிறது. எந்த ஒப்பந்தச் சொல்லும் அதைத் தள்ளுபடி செய்யாது. வாங்குபவரே "பரவாயில்லை, சொல்ல வேண்டாம்" என்றாலும் சொல்லியாக வேண்டும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் வாஸிலா இப்னுல் அஸ்கஉ (ரலி) என்னும் தோழரைப் பற்றிய நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார்கள். யாரோ ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அருகிலிருந்த வாஸிலா, வாங்கிச் சென்றவரைப் பின்தொடர்ந்து, அதன் குளம்பில் ஒரு துளை இருப்பதையும் தொடர்பயணத்தை அது தாங்காது என்பதையும் அறிவித்தார். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துக்கொண்டார். வாஸிலா விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். கண்டவர் என்ற ஒன்றே அவரைப் பேசவைத்தது. ஒட்டகத்தின் குளம்புக்கே இவ்வளவு என்றால் துப்பாக்கியின் பூட்டுக்கு எவ்வளவு?

அறிந்தவர் வாங்கும்போது

இதுவரை விற்பவரை நோக்கியே விரல் நீட்டினோம். இனி வாங்குபவரின் பக்கம் திரும்புவோம். வல்லத்து வீட்டில் விதவைத் தாய்க்கு அது "அவுக வச்சிருந்த துப்பாக்கி" மட்டுமே. வந்தவரோ அதன் எண்ணைக் கண்ட மாத்திரத்தில் அது எந்த மாதிரி, எக்காலத்தது என்பதை அறிந்துகொண்டார். வின்செஸ்டரின் 1894ஆம் மாதிரியில், செய்முறை மலிவாக்கப்பட்ட 1964ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றை நாடுவோர் அதிகம். இந்த அறிவு அவர் பல்லாண்டு உழைத்துப் பெற்றது. அதன் பயனை அவர் அடையக்கூடாதா?

அடையலாம். மார்க்கம் ஆதாயத்தைத் தடுக்கவில்லை. பழுதைச் சொல்லும் கடமை விற்பவருக்கு இருப்பதுபோல், சிறப்பைச் சொல்லும் கடமை வாங்குபவருக்குச் சட்ட அளவில் விதிக்கப்படவில்லை. ஆயினும் இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, வணிகக் கூட்டத்தார் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை அண்ணலார் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு அளிக்கப்பட்டது. சந்தை விலையை அறிய வழியற்றவரின் அறியாமையை அறுவடை செய்வதே இங்கு தடுக்கப்பட்டது என்று காண்கிறோம். இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று விலை பேசுவதும், சந்தைக்கு வெளியே வழிமறிப்பதுவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு?

இரண்டாவது, அந்தத் தாய் "என்ன பெறும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அக்கணமே அவர் வாங்குபவர் என்ற நிலையோடு ஆலோசகர் என்ற நிலையையும் அடைகிறார். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்தைச் சுமப்பவர் என்பது நபிமொழி நமக்குத் தரும் பாடம். அதன்பின் குறைத்துச் சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் மோசடியே.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவருடைய ஆள் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் வாங்கிக்கொள்ள அதன் உடையவரையும் அழைத்து வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர், இது மேலும் பெறும் என்று தாமே விலையை ஏற்றிக்கொண்டே போய் எண்ணூறு திர்ஹம் கொடுத்தார். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபிகளாரிடம் தாம் பைஅத் செய்திருப்பதையே அவர் காரணமாகக் கூறினார். எல்லாரும் ஜரீராக இருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாமற்போகலாம். ஆனால் முந்நூறுக்கும் எண்ணூறுக்கும் இடையில் எங்கேனும் ஓரிடத்தில் நம் மனச்சான்று நிற்கத்தானே வேண்டும்?

பங்காளிகளின் உரிமை

வீட்டுக்குள்ளேயே நிகழும் ஓர் அநீதியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. துப்பாக்கி ஆண்களுக்குரிய பொருள் என்று கருதி, மூத்த மகன் அதை எடுத்துக்கொள்வதும், விற்றால் பணத்தைத் தானே வைத்துக்கொள்வதும் வழக்கமாயிருக்கிறது. இது மீராஸ் சட்டத்துக்கு முற்றிலும் மாறு. விலை பெறும் எப்பொருளும், கடனும் வஸிய்யத்தும் போக, வாரிசுச் சொத்தே. எண்பதாயிரம் ரூபாய்க்கு விற்றது என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 10,000. எஞ்சிய 70,000இல் ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 28,000, மகளுக்கு 14,000. மணமாகிப் போன பெண்ணுக்குத் துப்பாக்கியில் என்ன பங்கு என்று கேட்பவர், திருமறையின் நிஸா அத்தியாயத்தை மறுபடியும் ஓதிப் பார்க்கட்டும். வாங்குபவர் குறைத்துக் கொடுத்த பணம் இத்தனை பேரின் பங்கிலிருந்தும் எடுத்த பணம் என்பதும் இதனால் விளங்கும். அவர்களுள் பருவமடையாத எத்தீம் ஒருவர் இருந்துவிட்டால் அப்பாவத்தின் கனத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

வாரிசுகள் நாட்டின் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். உரிமம் உடையவர் மறைந்ததும், உரிமமற்ற வாரிசுகள் அதை வீட்டில் வைத்திருக்க உரிமையற்றவர்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வீண் காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதால் சொத்துரிமை போய்விடாது. உரிமம் பெறத் தகுதியுள்ள வாரிசு விண்ணப்பிக்கலாம், அல்லது வாங்கத் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். "வாப்பாவின் நினைவுப்பொருள்" என்று பரண்மேல் ஒளித்து வைப்பது பாசம் ஆகாது, அது குற்றமாகிவிடும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு இச்சட்டத்தின் தண்டனைகளும் கடுமையாகியுள்ளன.

யாரிடம் கொடுப்பது?

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருகிறோம். பொருளின் பழுதை உரைத்தோம். நியாய விலையும் பேசினோம். வாங்க வந்தவரிடமே பழுது இருந்தால்?

இமாம் புகாரி அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பின் வணிக இயலில், ஃபித்னாக் காலத்திலும் ஏனைய காலத்திலும் ஆயுதம் விற்பது குறித்துத் தனியொரு பாடம் அமைத்திருக்கிறார்கள். குழப்பக் காலத்தில் அதை விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வெறுத்ததை அங்கே பதிவு செய்கிறார்கள். பிற்காலத்தில் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற ஹிதாயா நூலில், 1197இல் மறைந்த இமாம் மர்கீனானி ஒரு நுட்பமான வேறுபாட்டை விளக்குகிறார். மது வடிப்பவர் என்று தெரிந்தவருக்குத் திராட்சைச் சாறு விற்பதைவிட, குழப்பக்காரர் என்று தெரிந்தவருக்கு ஆயுதம் விற்பது கடுமையானது என்பது அவர் காட்டும் நிலை. ஏன்? சாறு மதுவாக மாறிய பின்னரே பாவம் நிகழ்கிறது. ஆயுதமோ எம்மாற்றமும் அடைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த நிலையிலேயே அது பாவத்தின் கருவியாகிவிடுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த ஆய்வு இன்றைய துப்பாக்கிக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். கொல்லும் ஆற்றல் விற்கும்போதே அதில் முழுமையாக இருக்கிறது.

"உரிமம் கொடுத்தது அரசாங்கம், உரிமம் உடையவருக்கு விற்றேன், அப்பால் என் பொறுப்பு என்ன?" என்று கேட்கலாம். சட்டம் தன்னால் இயன்றதைச் செய்கிறது. தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்க எண்ணினால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. ஆனால் அரசாங்கப் பதிவேடு அறியாத ஒன்றை ஊர் அறிந்திருக்கும். இவர் இரவில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர், வரப்புத் தகராறில் அண்ணனை வெட்டுவேன் என்று சபதமிட்டவர் என்பது வழக்காகப் பதிவாகாதவரை எந்தக் கோப்பிலும் இராது. நாம் அறிவோம். அறிந்தவரின் பொறுப்பு அறியாதவரின் பொறுப்பினும் பெரியது. உரிமச் சீட்டு நம்மைச் சட்டத்தின் பிடியிலிருந்து காக்கலாம். அல்லாஹ்வின் சந்நிதியில் நாம் அறிந்ததைப் பற்றியல்லவா கேட்கப்படுவோம்?

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. ஊகங்களுள் சில பாவமாகும் என்று ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. ஊர்ப்பேச்சை நம்பி ஒரு மனிதரைக் கொலைகாரராக எண்ணலாமா? புறம் பேசலாமா? இம்முடிச்சை அவிழ்க்க வழி இருக்கிறது. விற்பனை இருவரின் மனவிருப்பத்தால் நிகழ்வது. விற்க மறுப்பவர் காரணம் கூறத் தேவையில்லை. "விற்பதற்கில்லை" என்ற ஒரு சொல் போதும். அதில் அவதூறும் இல்லை, புறமும் இல்லை. ஐயம் வந்தால் விற்காமல் நிற்க அந்த ஐயமே போதும். பிறர்மேல் பழி சுமத்தவோ உறுதியான அறிவு வேண்டும். அதிகாரிகள் விசாரித்தாலோ, நாம் நேரில் அறிந்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் கூறலாம். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது புறம்பேசுதலுக்கு விலக்கான இடங்களில் ஒன்று என்பதை இமாம் நவவி அவர்கள் ரியாளுஸ்ஸாலிஹீனில் எடுத்துக் காட்டியுள்ளார்கள்.

அப்படியானால் நல்லவருக்குக் கொடுப்பதில் தடையே இல்லையா? இல்லை. ஆனால் கொடுக்கும் முறையிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவர் கையில் கொடுப்பதை அண்ணலார் தடுத்தார்கள். அம்புகளுடன் பள்ளிவாசலுக்குள் வருபவர் அவற்றின் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். விளையாட்டுக்காகவும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்றார்கள். கவனப் பிசகும் ஒரு குற்றமே என்பது இந்நபிமொழிகளின் கருத்து. தோட்டாவை நீக்கி, பழுதுகளை எழுத்தில் கொடுத்து, இன்ன தோட்டாவே ஏற்றது, இன்னது ஆகாது என்று விளக்கி ஒப்படைப்பதே இக்காலத்தில் வாளை உறையிலிட்டுக் கொடுப்பதாகும்.

கோட்டையும் தோட்டமும்

செஞ்சிக் கோட்டையை அண்ணாந்து பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் அந்த மதில்கள் 1677இல் சிவாஜி கையிலும், 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் கையிலும், 1750இல் பிரெஞ்சுக்காரர் கையிலும், 1761இல் ஆங்கிலேயர் கையிலும் விழுந்தன. 1714இல் தேசிங்குராஜன் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துக் களத்தில் மாண்டார். மணமேடையை விட்டு எழுந்துவந்து நண்பனோடு உயிர்துறந்த முஸ்லிம் தோழனை நாட்டார் கதைப்பாடல் இன்றும் போற்றுகிறது. அப்போரின் இரு பக்கத்திலும் முஸ்லிம்கள் இருந்தனர். யாருடைய வாள் கூரியது என்பதை மக்கள் மறந்துவிட்டார்கள். யார் வாக்குக் காத்தார் என்பதையே பாடிவைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மலைமேல் கிடக்கும் பீரங்கியை இன்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு அஞ்சுவார் யாருமில்லை.

வல்லத்து வீட்டாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. விற்கலாம், உரிமம் பெற்று வைத்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் பழுதை உரையுங்கள், பங்கைப் பிரியுங்கள், கையைப் பார்த்துக் கொடுங்கள். நல்ல கை கிடைக்காவிட்டால் விலை போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இமாம் புகாரி அவர்கள் ஆயுத விற்பனை பற்றிய அப்பாடத்தில் எடுத்துத் தந்துள்ள ஹதீஸ் ஒன்றையும் இங்கு நினைவுகூர்வது பொருந்தும். ஹுனைன் போருக்குப் பின் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அண்ணலார் ஒரு கவசத்தை அளித்தார்கள். அவர் அதை விற்றார். விற்ற பணத்தில் பனூ ஸலிமா குடியிருப்பில் ஒரு தோட்டம் வாங்கினார். இஸ்லாத்தில் தாம் முதன்முதல் சேர்த்த சொத்து அந்தத் தோட்டமே என்று பின்னாளில் அவர் கூறினார். போர்க்களத்துப் பொருளைக் கொடுத்து நிழல் தரும் மரங்களைப் பெற்றுக்கொண்ட அந்த வியாபாரத்தில் மறைப்பும் இல்லை, மோசடியும் இல்லை. ஓர் ஆயுதம் நம் வீட்டை விட்டுப் போகும்போது அதன் விலையும் இவ்வாறு நிழலாக மாறட்டும்.